சிப்காட் சாலை – 9: பத்துப் பீஸுக்கு ஒரு பரீட்சை

ஒரகடம் பக்கத்தில் ஷெட் போட்டு சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறவருக்கு மாதாமாதம் ஷெட்யூல் வந்துவிடும். இந்த பிராக்கெட் இத்தனை ஆயிரம், அந்த புஷ் இத்தனை ஆயிரம். கார் கம்பெனியிடமிருந்து நேரே வராது. இரண்டு மூன்று கை மாறித்தான் வரும். வருடம் திரும்பினால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். சரக்கு தாமதமாகி அங்கே லைன் நின்றால் வசவு இங்கே விழும். ஆனாலும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், மிஷின் ஓடினால் தவணை கட்டலாம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்த காலந்தொட்டு இந்தப் பக்கத்துச் சிறுதொழில் பழகிய கணக்கு இது.

இதே ஷெட்டுக்கு ராணுவ ட்ராயிங் ஒன்று வருகிறது என்று வையுங்கள். பத்துப் பீஸ் கேட்பார்கள். சில சமயம் நாலே பீஸ். ப்ரோக்ராம் எழுத, பிக்ஸ்சர் செய்ய, முதல் பீஸை அளந்து ரிப்போர்ட் போட ஆகும் நேரம் பத்தாயிரத்துக்கும் பத்துக்கும் ஒன்றுதான். அந்தச் செலவைப் பத்தால் வகுத்துப் பாருங்கள், தலை சுற்றும். அதற்கு மேல் காகிதம். அலுமினியக் கட்டி எந்த உருக்கலில் வார்த்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் அதன் முனையில் பஞ்ச் அடித்திருக்கும். வெட்டும்போது அந்த முனை போய்விட்டால் மிச்சத் துண்டில் அதே எண்ணை மறுபடி அடித்து வைக்க வேண்டும். மறந்தால் போச்சு. சரக்கு மைக்ரான் பிசகாமல் இருந்தாலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பறக்கும்போது உடைகிற பாகத்தை சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப முடியாது.

இப்படிப்பட்ட வேலைக்குச் சின்ன கம்பெனிகளை இழுக்க அரசு பணத்தோடு வந்தது. 2018 ஏப்ரலில் கிழக்குக் கடற்கரைச் சாலை திருவிடந்தையில் ராணுவக் கண்காட்சி நடந்தது நினைவிருக்கும். ஐடெக்ஸ் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தது அங்கேதான். முப்படைகளும் தங்களுக்கு உள்ள சிக்கலைச் சொல்லும். தீர்வு வைத்திருக்கும் ஸ்டார்ட்அப், சிறுதொழில் நிறுவனம், ஏன் தனி ஆள்கூட விண்ணப்பிக்கலாம். தேர்வானால் மாதிரி செய்ய ஒன்றரைக் கோடி வரை மானியம். பிறகு வந்த ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை, 2024ல் வந்த அதிதியில் 25 கோடி வரை. டி.ஆர்.டி.ஓ. நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி தனி. அதில் உச்சவரம்பு 50 கோடி. 2022-23 பட்ஜெட்டில் ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் கால்வாசியைத் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒதுக்கினார்கள். இதற்கிடையே 2019 ஜனவரியில் திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குத் தொடக்க விழா. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகியவை அதன் முனைகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடமெல்லாம் சென்னை முனையின் கணக்கில்.

ஷெட் முதலாளிகளிடம் இந்தத் தொகைகளைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். அடிப்படை ஐடெக்ஸ் மானியம் திட்டச் செலவில் பாதிதான். மறுபாதி நம் கைப்பணம். "தம்பி, அவங்க ஒன்றரைக் கோடி குடுக்குறாங்க, சரி. மீதி ஒன்றரைக்கு நான் மிஷினைக் கொண்டுபோய் பேங்க்ல வைக்கணும். மிஷின் ஏற்கெனவே பேங்க்லதான இருக்கு!" மானியமும் மொத்தமாகக் கைக்கு வராது. இன்ன வேலை முடிந்தது என்று காட்டக் காட்ட தவணை தவணையாக வரும்.

இருந்தாலும் மானியம் பெரிய குறை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. மாதிரி செய்தாயிற்று, அது வேலை செய்யும் என்று யார் சான்று தருவது? ஒரு ட்ரோன் என்றால் வெயிலில் வேக வைத்து, குளிரில் விறைக்க வைத்து, அதிர்வு மேஜையில் கட்டிக் குலுக்கி, மழையும் தூசியும் அடித்து, பக்கத்தில் ரேடியோ அலை பாயும்போது கட்டுப்பாடு தப்புகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கருவிகளைச் சின்ன கம்பெனி சொந்தமாக வாங்க நினைத்தால் ட்ரோன் செய்யப் பணம் இருக்காது. வழக்கமான ராணுவக் கொள்முதலில் 'நோ காஸ்ட், நோ கமிட்மென்ட்' என்று ஒரு வாசகம் உண்டு. உன் பொருளை உன் செலவில் பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் கொண்டுவந்து காட்டு. வாங்குவோம் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை என்று அர்த்தம். பெரிய கம்பெனி தாங்கும். பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு ஒரு டிரிப்பே வருட லாபத்தைத் தின்றுவிடும்.

கார்த் தொழிலுக்கு இந்தக் கஷ்டத்தை அரசு எப்போதோ புரிந்துகொண்டது. நாட்ரிப் என்ற மத்திய அரசின் வாகனச் சோதனைத் திட்டத்தில் ஒரகடத்திலேயே உலக வாகன ஆராய்ச்சி மையம் எழுந்தது. ஓட்டிப் பார்க்கத் தடம், மோதிப் பார்க்கக் கூடம், மின்காந்தச் சோதனை எல்லாம் ஒரே வளாகத்தில். ராணுவத் தளவாடத்துக்கு அந்த யோசனை 2020ல்தான் வந்தது. பொதுச் சோதனைக் கூடம் கட்டினால் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். மீதியைக் கூட்டாகச் சேரும் நிறுவனங்கள் போட வேண்டும். தமிழ்நாட்டுக்கு மூன்று கூடங்களுக்கு 2024 ஜூலை 2ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது: ஆளில்லா விமானம், மின்னணுப் போர்முறை, எலெக்ட்ரோ ஆப்டிக்ஸ். ஆளில்லா விமானத்துக்கானதற்குத் தேர்வான இடம் ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகால் சிப்காட். சுமார் 45 கோடி ரூபாய்த் திட்டம். கூட்டுக்குத் தலைமை கெல்ட்ரான், அதாவது கேரள அரசின் கம்பெனி. முல்லைப் பெரியாறில் முட்டிக்கொண்டாலும் ட்ரோனில் ஒட்டிக்கொள்கிறோம்.

என்னைக் கேட்டால், இந்த 45 கோடியை முப்பது கம்பெனிகளுக்குத் தலைக்கு ஒன்றரைக் கோடியாகப் பிரித்துக் கொடுப்பதைவிட இதுவே மேல். மானியம் ஒருவரோடு முடியும். குலுக்கும் மேஜை அடுத்தவருக்கும் வேலை செய்யும்.

மானியத்தோடு கதை முடியாது என்ற பாடத்தை அமெரிக்கா முன்பே படித்தது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் 1977ல் சிறு அளவில் தொடங்கிய சிறுதொழில் மானியத் திட்டம் 1982ல் சட்டமானது. வெளி ஆராய்ச்சிக்கு ஆண்டுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். பின்னாளில் அந்தப் பங்கு 3.2 சதவீதம் ஆனது. ஆரம்ப காலத்தில் அந்தப் பணம் வாங்கியவர்களில் ஒன்று குவால்காம். சுங்குவார்சத்திரத்தில் பூட்டப்பட்ட எத்தனையோ ஐபோன்களுக்குள் இருப்பது அதே கம்பெனியின் மோடம். ஆனால் அங்கேயும் யோசனைக்கு ஒரு கட்டம், மாதிரிக்கு ஒரு கட்டம் என்று பணம் தரும் திட்டம், விற்பனைக்கான மூன்றாம் கட்டத்தில் கையை விரித்துவிடும். அதற்குமேல் ஆர்டர் பிடிப்பது அவரவர் சாமர்த்தியம். பல கம்பெனிகள் அங்கேதான் மூச்சுத் திணறின.

நம் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2025 பிப்ரவரி வரை ஐடெக்ஸில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் 430. கொள்முதல் வரை போன பொருட்கள் 43, மதிப்பு 2,400 கோடிக்கு மேல் என்றது பாதுகாப்பு அமைச்சகம். ஒப்பந்தங்களில் பல புதியவை, பழுக்க நாளாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. ஐடெக்ஸ் வழியே வந்த பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ், ட்ரோன்களை முறியடிக்கும் கருவிக்காக விமானப்படையிடமும் தரைப்படையிடமும் 2024ல் 200 கோடிக்கு மேல் ஆர்டர் வாங்கியது.

இதில் நம் ஷெட்காரர் எங்கே வருகிறார்? ஐடெக்ஸ் கேட்பது புதிய பொருளை. அவர் செய்வது பாகம். புதிய பொருளுக்கு மானியம் வாங்குகிறவர் தரமணி ஆராய்ச்சிப் பூங்கா மாதிரி இடத்தில் லேப்டாப்போடு இருக்கிறார். அவருடைய ட்ராயிங்கை உலோகமாக்க ஒரகடத்துக்கோ அம்பத்தூருக்கோ வந்தாக வேண்டும். வருகிறார்கள். ஆனால் ஸ்டார்ட்அப்புக்கு அரசுத் தவணை தள்ளிப்போனால் ஷெட்டின் பில்லும் தள்ளிப்போகும். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதமானால் கூட்டு வட்டியும் உண்டு. வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த ட்ராயிங் வேறு ஷெட்டுக்குப் போகும் என்பதால் யாரும் அனுப்புவதில்லை. ராணுவ ஆராய்ச்சிக்கு அரசு முதல் போடுகிறது என்கிறோம். இடைப்பட்ட மாதங்களில் வட்டியில்லாமல் முதல் போடுகிறவர் இவர். இவர் பெயர் எந்தத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலிலும் இல்லை.

அடுத்த வாரம் ஆவடி. 1965லேயே அங்கே டாங்கி உருண்டது. அதற்குப் பாகம் செய்து கொடுத்தே பிழைத்த பட்டறைகளைப் பார்ப்போம்.

(தொடரும்)