ஹோடோகிராப்: பெயரும் பொருளும் பயனும்

கலைச்சொல்லை அறிவின் வாயிலைத் திறக்கும் திறவுகோல் என்பர். பொருந்தாத திறவுகோலால் பூட்டைத் திறக்க இயலாது. இயக்கவியலில் வழங்கும் ‘ஹோடோகிராப்’ என்னும் சொல் இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும். இச்சொல்லின் பொருளையும் பயனையும் விளக்கி, இதற்கேற்ற தமிழ்ச்சொல் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் விளக்கம்

இயங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் வேகம் உண்டு. அது செல்லும் திசையும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துத் திசைவேகம் என்கிறோம். இதனை ஓர் அம்புக்குறியாக வரைந்து காட்டலாம். அம்பின் நீளம் வேகத்தின் அளவையும், அது நோக்கும் பக்கம் திசையையும் குறிக்கும். பல கணங்களுக்குரிய அம்புகளை வரைந்து, அவற்றின் அடிகளையெல்லாம் ஒரே புள்ளியில் பொருத்துக. அப்போது அவற்றின் நுனிகளை இணைத்துச் செல்லும் கோடே ஹோடோகிராப் ஆகும்.

எறியப்பட்ட கல்லை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், சாய்வாக எறிந்த கல் பரவளையப் பாதையில் செல்கிறது. அதன் கிடைமட்ட வேகம் மாறுவதில்லை. செங்குத்து வேகம் மட்டும் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் அளவில் மாறுகிறது. ஆதலின் அம்புகளின் நுனிகள் யாவும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைகின்றன. பாதை வளைந்திருக்க, ஹோடோகிராப் நேர்கோடாக நிற்கிறது. நேர்ப்பாதையில் மாறாத வேகத்துடன் செல்லும் பொருளுக்கோ அது வெறும் புள்ளியாகச் சுருங்கிவிடும். இக்கோட்டின்மீது அம்பின் நுனி நகரும் வீதமே முடுக்கம். விசை செயற்படும் விதத்தை இவ்வாறு கண்ணாலேயே காண முடிகிறது.

கோள்களின் வட்டம்

இப்பெயரைச் சூட்டியவர் டப்ளின் நகரத்துக் கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன் (1805–1865). இளமையிலேயே அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் உள்ளிட்ட பல மொழிகளைப் பயின்றவர் அவர். 1846ஆம் ஆண்டில் அயர்லாந்து அரச கழகத்தில் அளித்த கட்டுரையில், நியூட்டனின் ஈர்ப்பு விதியை இக்கோட்டின் துணைகொண்டு அவர் விளக்கினார்.

அவர் காட்டிய உண்மை வியப்பிற்குரியது. கோள்களின் பாதை நீள்வட்டம். அவற்றின் ஹோடோகிராப்போ முழு வட்டம். காரணம் இதுதான்: கதிரவனிலிருந்து தொலைவு மிகுந்தால், அத்தொலைவின் வர்க்கத்திற்கேற்ப ஈர்ப்பு குறைகிறது. அதே வர்க்கத்திற்கேற்ப, ஒரு குறிப்பிட்ட கோணத்தைக் கடக்கக் கோளுக்கு வேண்டிய நேரம் கூடுகிறது. குறைவும் கூடுதலும் ஈடாவதால், சம கோணந்தோறும் திசைவேகம் சம அளவில் மாறுகிறது. அம்மாற்றத்தின் திசையும் அதே கோணம் திரும்புகிறது. இவ்வாறு திரும்பித் திரும்பிச் சேரும் சமத் துண்டுகள் வட்டமாகவே முடியும்.

நம் பூமி சனவரித் தொடக்கத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30.3 கிலோமீட்டர் வேகத்திலும், சூலைத் தொடக்கத்தில் 29.3 கிலோமீட்டர் வேகத்திலும் செல்கிறது. எனவே பூமியின் ஹோடோகிராப் 29.8 ஆரமுள்ள வட்டம். அம்புகளின் அடி, வட்டத்தின் மையத்திலிருந்து 0.5 அளவு விலகி நிற்கிறது. பாதை நீள்வட்டமாக இருப்பதன் அடையாளம் அச்சிறு விலகலே.

காற்றின் கோடு

வானிலை ஆய்வாளர்க்கும் இக்கோடு இன்றியமையாதது. பலூனைப் பறக்கவிட்டு, வெவ்வேறு உயரங்களில் காற்றின் திசைவேகத்தை அளந்து, நுனிகளை இணைக்கின்றனர். நுனிகள் நெருங்கியிருந்தால் உயரத்திற்கேற்பக் காற்று அதிகம் மாறவில்லை என்பதும், விலகியிருந்தால் பெரிதும் மாறுகிறது என்பதும் விளங்கும். விமானங்களுக்கு இடர் தரும் மாறுதலையும், இடிமுகில்கள் சுழலக்கூடிய நிலையையும் இதனால் முன்னறியலாம்.

தென்மேற்குப் பருவத்தில் சென்னையின் வான்வெளி நல்ல எடுத்துக்காட்டு. தாழ்ந்த உயரங்களில் வீசுவது மேல்காற்று. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்திலோ கீழைக்காற்று விரைந்து வீசுகிறது. இவ்வுயர்காற்றைப் பற்றிக் கோட்டீசுவரம் 1958இல் விரிவாக எழுதினார். மேல்காற்று கிழக்கு நோக்கிச் செல்வதால் அதன் அம்பு கிழக்கே நீளும். கீழைக்காற்றின் அம்பு மேற்கே நீளும். ஆகவே, கோடு உயரம் ஏற ஏறக் கிழக்கிலிருந்து மேற்குப் புறத்திற்குக் கடந்து செல்கிறது.

சொல்லாக்கம்

கிரேக்கத்தில் ‘ஹோடோஸ்’ என்றால் வழி. ‘கிராஃபீன்’ என்றால் எழுதுதல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வழிவரைவு’ என்றாகும். ஆனால் இக்கோடு பொருள் செல்லும் வழி அன்று என்பதை மேலே கண்டோம். அப்பெயரைக் கேட்ட மாணவன் கல்லின் பாதையையே வரைந்து வைப்பான், நேர்கோட்டைக் காணமாட்டான்.

சொல் கைமாறும்போது பொருள் நழுவுவது புதிதன்று. வடமொழியில் நாண் எனப் பொருள்படும் ‘ஜீவா’ அரபு எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டது. உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அதனை, ஆடை மடிப்பையும் குடாவையும் குறிக்கும் ‘ஜைப்’ எனப் பின்னர்ப் படித்தனர். 12ஆம் நூற்றாண்டில் அது இலத்தீனில் ‘சைனஸ்’ ஆகி, இன்று ‘சைன்’ என நிற்கிறது. வில்லின் நாண் கடலின் குடாவாயிற்று!

‘வேக வரைபடம்’ எனலாமோ? திசைவேக-நேர வரைபடம் என வேறொன்று பாடநூல்களில் இருப்பதால் அது மயக்கம் தரும். மேலும், தமிழகத்தார் வேகம், திசைவேகம் என்பனவற்றை இலங்கைத் தமிழர் முறையே கதி, வேகம் என வழங்குவர். ஆதலின் ‘வேகம்’ என வாளா கூறின் இரு கரையிலும் பொருள் வேறுபடும். அம்புகளின் நுனிகள் வரையும் கோடு ஆதலின், ‘திசைவேக நுனிக்கோடு’ என்பது பொருந்தும் எனக் கருதுகிறேன். இதனைக் கேட்ட மாணவன் வரையறையின் பாதியை அப்பெயரிலேயே பெற்றுவிடுவான்.

இதனினும் சிறந்த சொல்லை இயற்பியல் பேராசிரியர்கள் காட்டின் மகிழ்ந்து ஏற்கலாம். எச்சொல்லாயினும், அதனை ஆக்குமுன் தமிழ்த்துறையினர் அக்கோட்டை ஒருமுறை தம் கையால் வரைந்து பார்த்தல் வேண்டும். அறிவியல் துறையினர் அச்சொல்லை வகுப்பறையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். இருசாராரும் ஒரே மேசையில் அமர்ந்தால், தமிழ்வழி பயின்றுவரும் நம் மாணவச் செல்வங்களுக்கு இயற்பியல் கடினமான பாடமாக இராது.