பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

காமராஜர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் பலரும் சொல்லிவிடுவார்கள்: விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பள்ளி யார் பணத்தில் நடந்தது என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள். அரசாங்கமும் இல்லை, மிஷனரிகளும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. அரிசி களையும் பெண்களும் கடை வைத்திருந்த ஆண்களும் சேர்ந்து நடத்திய பள்ளி அது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சகோதரர்களுக்கு இந்தக் கதையின் முன்பாதி சொந்த ஊர்க் கதை. தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் வண்டியில் ஏற்றி வந்த நாடார் வியாபாரிகள், இந்த வானம் பார்த்த பூமியில் ஆறு ஊர்களில் நிலைத்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவை அந்த ஊர்கள். வழியில் கள்வர் பயம் இருந்ததால் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் அமைத்தார்கள். அந்தச் செலவுக்காக ஒவ்வொருவரும் தன் சரக்கின் அளவுக்கு ஏற்பக் கொடுத்த பங்குதான் மகமை.

பேட்டைக்கான தேவை குறைந்த பிறகும் மகமையை அவர்கள் நிறுத்தவில்லை. உறவின்முறை என்ற ஊர்ச்சபை அதை வசூலித்து, கிணறு, கோயில், பிறகு பள்ளிக்கூடம் என்று பொதுக்காரியத்துக்குத் திருப்பியது. இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு தேவைக்காகத் தொடங்கிய வசூல், அந்தத் தேவை முடிந்ததும் கலைந்துபோவதே வழக்கம். இவர்கள் கலைய விடவில்லை.

1880களில் விருதுநகரில், அன்றைய விருதுபட்டியில், வித்தியாசாலை தொடங்கியது. மகமையோடு பிடி அரிசியும் சேர்ந்தது. உலை வைக்கும் முன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்குப் போகும். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மற்றச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது.

அந்தச் சமுதாயம் அப்போது மதிக்கப்பட்ட நிலையில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நீதிமன்றம் கைவிட்ட அந்த ஆண்டுகளிலும் பிடி அரிசி பானையில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

1903இல் பிறந்த காமராஜர், தந்தையை இழந்து, பன்னிரண்டு வயது வாக்கில் படிப்பை விட்டுக் கடைக்குப் போனார். கட்டணம் இல்லாத பள்ளிகூட வீட்டு வறுமையை முழுக்கத் தடுத்துவிடாது. 1956இல் முதலமைச்சராக அவர் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நமக்கும் பிடி அரிசி புதிதல்ல. எத்தனையோ மதரஸாக்களில் ஓதும் பிள்ளைகள் சாப்பிட்டது நம் தாய்மார்கள் எடுத்து வைத்த அரிசிதான். ஆனால் அது பெரும்பாலும் மதரஸா வாசலோடு நின்றுவிட்டது. ஜமாஅத் சந்தா இமாமின் சம்பளம், கரண்ட் பில், வெள்ளையடிப்பு என்று கரைகிறது.

"ஜகாத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமா ஹஜ்ரத்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஜகாத் உரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும் என்பதால், கட்டிடத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் அது கூடாது என்பதே நம் உலமாக்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. ஏழை மாணவருக்கே கொடுத்து அவர் கட்டணம் கட்டிக்கொள்ளலாம். கட்டிடத்துக்கும் சம்பளத்துக்கும் வேண்டியது ஸதகாவும் வக்ஃபும். கடைத்தெருவில் நம்மவர் கடை எத்தனை இருக்கிறது, மாதம் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும்.