நீர் ஓடும் நாடு: இன்யோ கவுண்டியின் கதை

மாணவர்களே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தை விரித்து, மேற்கு ஓரத்தில் கலிபோர்னியா மாநிலத்தைத் தேடுங்கள். அதன் கிழக்கு எல்லையில், நெவாடா மாநிலத்தை ஒட்டியபடி, இன்யோ என்றொரு பகுதி இருக்கும். நம் மாநிலங்கள் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது போல, அங்கே மாநிலங்களைக் 'கவுண்டி'களாகப் பிரித்திருக்கிறார்கள். 1866-இல் அமைக்கப்பட்ட இன்யோ கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 26,500 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகையோ 19,016 தான். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒருவர்கூட இல்லை!

இவ்வளவு பெரிய நிலத்தில் ஏன் இவ்வளவு குறைந்த மக்கள்? "அங்கே தண்ணீர் இல்லை போலும்" என்று நீங்கள் சொல்லலாம். அது பாதி விடைதான். தண்ணீர் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதே இந்தக் கவுண்டியின் கதை.

உச்சியும் பள்ளமும்

இன்யோவின் மேற்கு எல்லையில் சியெரா நெவாடா மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. அதில் உள்ள விட்னி சிகரத்தின் உயரம் 4,421 மீட்டர். அலாஸ்காவை நீக்கிவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவிலேயே உயர்ந்த சிகரம் இதுதான். கவுண்டியின் கிழக்கில் மரணப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பேட்வாட்டர் என்னும் உப்புத்தரை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ளது. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம் இது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நேர்த் தூரம் சுமார் 135 கிலோமீட்டர்தான்!

இது எப்படி நேர்ந்தது? இங்கே பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு, நீண்ட பிளவுகளாக உடைந்திருக்கிறது. பிளவுகளின் ஒரு பக்கம் உயர்ந்து மலையாயிற்று. மறுபக்கம் தாழ்ந்து பள்ளத்தாக்காயிற்று. இந்த வேலை இன்னும் முடியவில்லை. 1872 மார்ச் 26-ஆம் நாள் விடியுமுன் லோன் பைன் என்ற சிற்றூரை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பச்சை மண்கல்லால் கட்டிய வீடுகள் பெரும்பாலும் இடிந்து விழுந்தன. சுமார் 27 பேர் மாண்டனர். அன்று தரை பிளந்து தாழ்ந்த தடத்தை இன்றும் அவ்வூருக்கு அருகே காணலாம்.

மலை தடுத்த மழை

பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. சியெரா மலையில் மோதி மேலே ஏறும்போது அது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. ஆகவே மழையாகவும் பனியாகவும் மலை மீதே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் மிகக் குறைவு. இறங்கும் காற்று அழுத்தப்படுவதால் வெப்பமும் அடைகிறது; ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி சென்டிகிரேடு கூடும். இவ்வாறு மலைக்குப் பின்னால் வறண்டு கிடக்கும் நிலத்தை 'மழை மறைவுப் பகுதி' என்கிறோம்.

மரணப் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை சராசரியாக 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. அங்கு 1913 ஜூலை 10-ஆம் நாள் பதிவான 56.7 டிகிரி சென்டிகிரேடுதான் உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பமாக ஏற்கப்பட்டுள்ளது. ஆய்வாளர் சிலர் அந்த அளவீட்டை ஐயுறுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் சியெரா மலையடிவாரத்தில் உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நிலை வேறு. மழை குறைவானாலும் மலைமேல் பனி குவிகிறது. வேனிலில் அது உருகி ஓடைகளாக இறங்கி, ஓவன்ஸ் ஆறாகத் திரண்டு, தெற்கே ஓவன்ஸ் ஏரியில் சேர்ந்தது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து நீர் வெளியேற வழியில்லை. வெயிலில் ஆவியாவது ஒன்றே வழி. ஆறு கொண்டுவந்த உப்புகள் மட்டும் ஏரியிலேயே தங்கிவிட்டன. இந்த உப்பை மறக்க வேண்டாம். பிறகு இதன் வேலை தெரியும்.

வாய்க்கால் வெட்டியவர்கள்

இப்பள்ளத்தாக்கின் பழங்குடி மக்கள் பையூட் இனத்தவர். தங்கள் நாட்டை அவர்கள் 'பயஹூனாடு' என்று அழைக்கிறார்கள். நீர் ஓடும் நாடு என்பது அதன் பொருள். ஓடைகளின் குறுக்கே கல்லும் செடியும் மண்ணும் இட்டுத் தடுத்து, வாய்க்கால் வெட்டி, கோரைக்கிழங்கு போன்ற உணவுச் செடிகள் வளரும் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சினார்கள். பிஷப் ஓடைப் பகுதியில் ஓராண்டு வடபுற நிலத்துக்கும், மறு ஆண்டு தென்புற நிலத்துக்குமாக மாற்றி மாற்றிப் பாய்ச்சியதாக ஜூலியன் ஸ்டூவர்ட் என்ற மானிடவியலாளர் பதிவு செய்திருக்கிறார். நிலத்தை ஓய வைக்கும் நுட்பம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1860-களில் மாடு மேய்ப்போரும் சுரங்கக்காரர்களும் வந்து சேர்ந்தனர். மாடுகள் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன, பசி வந்தது, சண்டை மூண்டது. 1863-இல் ராணுவம் பையூட் மக்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றது. பின்னர் பலர் திரும்பி வந்தனர். ஆனால் தங்கள் முன்னோர் பாசனம் செய்த நிலத்திலேயே கூலியாட்களாக வேலை செய்தனர்.

சுரங்கங்கள் சில காலம் செழித்தன. செர்ரோ கோர்டோ மலையில் கிடைத்த வெள்ளியும் ஈயமும் பாளங்களாக வார்க்கப்பட்டு, ஓவன்ஸ் ஏரியில் நீராவிப் படகில் கொண்டு செல்லப்பட்டன. மரணப் பள்ளத்தாக்கில் வெங்காரம் கிடைத்தது. 1880-களில் இருபது விலங்குகள் பூட்டிய பெரும் வண்டிகளில் அதை 265 கிலோமீட்டர் பாலைவனம் கடந்து ரயிலடிக்குக் கொண்டு போனார்கள்.

மலையேறிய தண்ணீர்

தெற்கே கடற்கரைப் பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. 1900-இல் சுமார் ஒரு லட்சமாக இருந்த அதன் மக்கள் தொகை 1910-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஊர் ஆறு போதவில்லை. முன்னாள் மேயர் பிரெட் ஈட்டன் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிலங்களை விலைக்கு வாங்கினார். மத்திய அரசின் பாசனத் திட்டத்துக்குத்தான் அந்நிலங்கள் என்று விவசாயிகள் பலர் எண்ணினர். உண்மையில் நீர் நகரத்துக்குப் போவதற்காகவே அவை வாங்கப்பட்டன.

கால்வாயை அமைத்தவர் வில்லியம் மல்ஹாலண்ட். அயர்லாந்தில் பிறந்து, வாய்க்கால் துப்புரவுத் தொழிலாளியாகத் தொடங்கி, கல்லூரிப் பட்டமின்றியே தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர் அவர். 1908-இல் முழுவேகத்தில் தொடங்கிய வேலை 1913 நவம்பர் 5-இல் நிறைவு பெற்றது. நீளம் சுமார் 375 கிலோமீட்டர். வழியில் ஒரு பம்புகூட இல்லை!

குறுக்கே உள்ள பள்ளங்களைப் பம்பின்றி நீர் எப்படிக் கடக்கிறது? நீங்களே செய்து பாருங்கள். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய் ஒன்றை 'ப' எழுத்து வடிவில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் புனல் வைத்து நீரூற்றுங்கள். நீர் கீழே இறங்கி மறுபுறம் ஏறி, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். இப்போது மறுமுனையைப் புனலைவிடச் சற்றுத் தாழ்த்துங்கள். நீர் வழிந்து ஓடத் தொடங்கும். ஜாபோன் பள்ளத்தாக்கில் இதே முறையில் நீர் எஃகுக் குழாயில் சுமார் 260 மீட்டர் இறங்கி மறுபுறம் ஏறுகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிட்டால், அடியில் 26 மடங்கு அழுத்தம்! எனவேதான் அங்கே மற்ற இடங்களைவிடத் தடித்த எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தினார்கள்.

வற்றிய ஏரி

பொறியியலில் அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? நகரம் மேலும் மேலும் நிலத்தையும் நீரையும் வாங்கியது. 1924 மே மாதம் கால்வாயின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே நவம்பரில் உள்ளூர் மக்கள் அலபாமா மதகைக் கைப்பற்றி, நான்கு நாட்கள் தண்ணீரை ஏரிப் பக்கம் திருப்பிவிட்டனர். எதிர்ப்பு நிலைக்கவில்லை. பழத்தோட்டங்கள் காய்ந்தன, குடும்பங்கள் வெளியேறின.

1920-களின் நடுவிலேயே ஓவன்ஸ் ஏரி வற்றிவிட்டது. அடியில் தங்கியிருந்த உப்பு வெயிலில் பொருக்காகி உடைந்து, காற்றில் எழுந்தது. நுண்ணிய தூசில் பல துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை; மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. அமெரிக்காவிலேயே ஒரே இடத்திலிருந்து மிக அதிகமான தூசு எழுந்தது இந்த ஏரிப்படுகையில்தான். நீண்ட வழக்குகளுக்குப் பின் 1998-இல் உடன்பாடு ஏற்பட்டது. ஏரிப்படுகையில் மெல்லிய அளவில் நீர் தேக்குதல், உப்பைத் தாங்கும் புல் வளர்த்தல், சரளை பரப்புதல் ஆகிய வழிகளில் தூசு வெகுவாகக் குறைக்கப்பட்டது. இதற்கு நகரம் 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுள்ளது. ஆழமற்ற நீரைத் தேடிப் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் மீண்டும் வருகின்றன. 2006 டிசம்பரில், வறண்டு கிடந்த கீழ் ஓவன்ஸ் ஆற்றில் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு மறுபடியும் நீர் விடப்பட்டது.

ஆப்பிள் தோட்டத்தில் முள்வேலி

நீர் போனதால் கைவிடப்பட்ட ஊர்களில் ஒன்று மன்சனார். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு பகை மூண்டதும், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு வீடுகளிலிருந்து வெளியேற்றியது. அவர்களில் பதினோராயிரம் பேருக்கு மேல் 1942 முதல் 1945 வரை இங்கே முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். பள்ளி மாணவர்களும் பலர். அந்தச் சூழலிலும் அவர்கள் பட்டுப்போகும் நிலையில் இருந்த பழமரங்களுக்கு நீரூற்றிக் காய்க்க வைத்தனர், பூங்காக்கள் அமைத்தனர். அவர்களிடையே இருந்த விஞ்ஞானிகள் குவாயூலே என்ற பாலைவனச் செடியிலிருந்து ரப்பர் எடுக்கும் ஆராய்ச்சியும் செய்தனர். 1988-இல் அமெரிக்க அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது. அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு வழங்க முன்வந்தது. மன்சனார் 1992 முதல் தேசிய நினைவிடமாக உள்ளது.

எல்லாவற்றையும் பார்த்த மரம்

பள்ளத்தாக்கின் கிழக்கே வெள்ளை மலைகளில், 3,000 மீட்டர் உயரத்தில், பிரிசில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. குளிரும் வறட்சியும் சுண்ணாம்புப் பாறையும் சேர்ந்த இடம். அங்கே மரம் மிக மெல்ல வளர்கிறது. கட்டை இறுகிப் பிசின் நிறைந்திருப்பதால் பூச்சியும் அழுகலும் எளிதில் அணுகுவதில்லை. 1957-இல் எட்மண்ட் ஷுல்மன் என்ற ஆய்வாளர் மெல்லிய துளையிட்டு ஆண்டு வளையங்களை எண்ணினார். 'மெதூசலா' எனப் பெயரிடப்பட்ட ஒரு மரத்தின் வயது 4,800 ஆண்டுகளுக்கு மேல்! உயிருள்ள மரங்களின் வளையங்களையும், விழுந்து கிடக்கும் பழைய கட்டைகளின் வளையங்களையும் பொருத்திப் பல்லாயிரம் ஆண்டுக் கால அட்டவணையையே உருவாக்கியிருக்கிறார்கள். தொல்பொருள்களின் வயதைக் காட்டும் கதிரியக்கக் கார்பன் முறையில் இருந்த பிழைகளைத் திருத்த இந்த வளையங்கள் பெரிதும் உதவின. யாரும் கெடுத்துவிடக் கூடாதென்று மெதூசலா நிற்குமிடம் வெளியிடப்படவில்லை.

இன்யோ நிலத்தில் தனியாருக்குச் சொந்தமானது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பகுதி மத்திய அரசுடையது. பள்ளத்தாக்கின் நல்ல நிலங்களோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகருடையவை. ஊர்கள் வளர இடமில்லை. மக்கள் தொகை ஏன் குறைவு என்ற கேள்விக்கு மீதி விடை இதுதான். வாய்க்கால் வெட்டிய பையூட் மக்களின் நீர் உரிமைக்கு இன்னும் முழுத் தீர்வு ஏற்படவில்லை. அதற்காக அவர்கள் தொடர்ந்து வாதாடி வருகிறார்கள்.

மாணவர்களே, குழாயைத் திறந்ததும் நீர் கொட்டுகிறது. உங்கள் ஊர்க் குழாயில் வரும் நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஏரியிலிருந்து, எவ்வளவு தூரம் கடந்து வருகிறது? அது புறப்படும் இடத்தில் யார் வாழ்கிறார்கள்? அவர்களுக்குப் போதிய நீர் இருக்கிறதா? விசாரித்து ஒரு படம் வரைந்து பாருங்கள். புவியியலும் வரலாறும் ஒரே பாடந்தான் என்பது அப்போது விளங்கும்.