ஒற்றைக் காலில் நிற்க முடியுமா?

பாபநாசத்து வயல்களில் நடவுக் காலத்தில் நாற்றுமுடி சுமந்து வரப்பில் நடப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலைத் தூக்கி மறுபடி ஊன்றும் வரை, அவர்களுடைய உடலின் எடையும் முடியின் எடையும் ஒற்றைக் காலின் மேல்தான் இருக்கின்றன. நாம் எல்லோரும் நடக்கும்போது இப்படித்தான் மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்த ஒரு கணத்தைப் பத்து விநாடியாக நீட்டினால்தான் தொல்லை!

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கான சமநிலைக் கட்டையின் நீளம் 5 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், அகலமோ 10 சென்டிமீட்டர்தான். அதன் மேல் ஒரு காலில் நின்று, உடலை முன்னே தாழ்த்தி, மறு காலைப் பின்னே உயர்த்தி, தராசுக்கோல் போல அசையாமல் நிற்கிறார்கள். எப்படி முடிகிறது?

சுவர் சொல்லும் பாடம்

ஒரு சோதனை செய்யுங்கள். வலது தோளும் வலது பாதத்தின் வெளிப்புறமும் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். இப்போது இடது காலைத் தூக்குங்கள். முடியவில்லை அல்லவா?

நம் உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கும். அங்கிருந்து நேர் கீழாக வரையும் கோடு, ஊன்றிய பாதத்தின் பரப்புக்குள் விழ வேண்டும். காலைத் தூக்குமுன் நாம் அறியாமலே உடலை மறுபக்கம் நகர்த்துகிறோம். சுவர் அதைத் தடுத்துவிடுகிறது.

பாபநாசத்தில் கும்பகோணம் செல்லும் ரயிலில் ஏறினால், சுந்தரப்பெருமாள்கோயிலை அடுத்து வருவது சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் வார்க்கும் நடராசர் சிலையைப் பாருங்கள். ஊன்றியிருப்பது வலது கால். தூக்கிய இடது காலும், ஓர் இடக்கையும் குறுக்கே வலப்பக்கம் வருகின்றன. எடை ஊன்றிய காலின் பக்கம் சேர்கிறது!

ஆனால் சிலை பீடத்தோடு இணைந்தது. உயிருள்ள உடலுக்கு அந்த வசதி இல்லை.

மூன்று தூதர்கள்

உடல் சாயும் செய்தியை மூளைக்கு மூவர் கொண்டு செல்கின்றனர். முதலாவது, கண். இரண்டாவது, உட்செவி, அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம் தலையின் சுழற்சியை உணர்த்துகிறது. மூன்றாவது, பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்நரம்புகள். சிறுமூளை இச்செய்திகளைக் கொண்டு தசைகளின் இயக்கத்தைச் சீர்படுத்துகிறது.

சுவருக்கு அருகே ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். ஒரு தூதர் போனதும் தள்ளாட்டம் மிகுவதை உணர்வீர்கள்.

பழகும் முறை

முதலில் சமதரையில், வெறுங்காலுடன், சுவரைத் தொட்டபடி நில்லுங்கள். எதிரே அசையாத ஒரு புள்ளியைப் பாருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். இது நன்கு வந்த பின்னரே உடலை மெல்லத் தாழ்த்துங்கள். உடல் முன்னே தாழும் அளவுக்குப் பின்கால் உயர வேண்டும். ஒன்று முந்தினால் தராசு சாயும். இரு கால்களிலும் மாற்றிப் பழகுங்கள். கட்டையின் மேல் ஏறுவது பயிற்சியாளர் உடனிருக்கும்போது மட்டுமே.

கணுக்கால் நடுங்குகிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த நடுக்கம் தோல்வியன்று. சாயும் உடலைத் தசைகள் மீட்டு நிறுத்தும் வேலை அது. தேர்ந்த வீராங்கனையின் காலிலும் அது நடக்கிறது. பழகப் பழகத் திருத்தங்கள் சிறிதாகி, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரிய திறமையன்று. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. முதுமையில் விழுந்து எலும்பு முறிவது பெருந்துன்பம். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டி எழுந்து நடக்கும்போது கை கொடுங்கள். உங்கள் கால்களுக்கோ இன்றே பாடம் தொடங்குங்கள்!