கடைசிக் குவளையில் விரலை விட்டுப் பாருங்கள்

கோழி ஒரு பங்கு தீவனம் தின்றால் ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும். வளர்ந்த நாட்டுக்கோழி 100 இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர். அக்னி நட்சத்திரத்தில் அது இரட்டிப்பாகும். ஆனா நம்ம ஆட்கள் கம்பா சோளமா, கரையானா அசோலாவா என்று தீவனத்தைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால், "போர் தண்ணிதாங்க, நாங்களே அதைத்தான் குடிக்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போர் தண்ணீர் நல்லதாகவே இருக்கட்டும். அது தொட்டி, குழாய், குவளை எல்லாம் தாண்டித்தான் கோழியின் அலகுக்கு வருகிறது. பல பண்ணைகளில் கெடுவது இந்த வழியில்தான். வங்கியில் மாலை கணக்கு முடிக்கும்போது பேரேட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது, பெட்டியில் உள்ள நோட்டை எண்ணியாக வேண்டும். இங்கேயும் தொட்டியை எட்டிப் பார்த்தால் போதாது. கொட்டகையின் கடைசிக் குவளையில் விரலை விட்டு உள்சுவரைத் தடவுங்கள். வழுவழுவென்று இருந்தால் அது கிருமிகள் கூடி வாழும் படலம்.

பக்கத்து ஊர் நண்பர் ஒருவருக்குக் குஞ்சுகள் கழிந்து கழிந்து செத்தன. மருந்தை மாற்றினார், தீவனத்தை மாற்றினார். போர் தண்ணீர் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. கடைசிக் குவளைத் தண்ணீரைத் தனியாகக் கொடுத்த பிறகுதான் அதில் மலக்கிருமி இருப்பது தெரிந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டி யாரும் பரிசோதிக்கலாம். இரண்டு இடத்துத் தண்ணீரையும் கொடுங்கள்.

இந்தப் படலத்துக்கு நாமே தீனி போடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெல்லம், மோர், பஞ்சகவ்யம் எல்லாம் தண்ணீரில் கலந்து குழாயில் விடுகிறோம். கோழிக்கு எவ்வளவு நல்லதோ, கிருமிக்கும் அவ்வளவு நல்லது. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தனிக் குவளையில் இரண்டு மணி நேரம் வைத்து, எடுத்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். குழாய்க்குள் மட்டும் விடாதீர்கள். தினசரிக் குவளைகளையும் தேங்காய் நாரால் தினமும் தேய்க்க வேண்டும். அலசினால் மட்டும் படலம் போகாது.

தேற்றான்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கலைத் தெளியவைக்கும். தெளிந்த தண்ணீரெல்லாம் கிருமியற்ற தண்ணீர் ஆகிவிடாது. கிருமிக்கு, 1000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 10 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் இரவே தொட்டியில் ஊற்றி, காலையில் திறந்துவிடலாம். ரசாயனமாச்சே என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஊராட்சித் தொட்டியில் போடும் அதே பவுடர்தாங்க. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் சான்றளிக்கும் நிறுவனத்தைக் கேட்டுச் செய்யுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுப்பதாக இருந்தால் 24 மணி நேரம் முன்பே பவுடரை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வீண்.

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் முட்டைகளைப் பிளீச்சிங் பவுடர் கொல்லாது. அவை குவளையைச் சுற்றி ஈரமாகக் கிடக்கும் கூளத்தில்தான் முதிர்கின்றன. குவளையின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் தண்ணீர் அவ்வளவாகச் சிந்தாது, எச்சமும் உள்ளே விழாது. வாரா வாரம் உயர்த்துங்கள். நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றால் தண்ணீர் கொதிக்கும், கோழி தொடாது. நிழல் போடுங்கள், குழாயை மண்ணுக்குள் இறக்குங்கள்.

குடிக்கும் அளவைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நோய் வரும்போது பெரும்பாலும் முதலில் குறைவது தண்ணீர்தான். வெயிலும் எண்ணிக்கையும் மாறாமல் 20 லிட்டர் 14 ஆனால், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு கோழியாகப் பாருங்கள்.