கணக்கு வராத பிள்ளைகளா?

வைகறை இருள் விலகுமுன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கச் செல்லும் தாய்மார்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பனிக்காற்றில் நடுங்கியபடி செல்லும் அவர்களுடைய உள்ளத்தில் ஓர் எண்ணம் உண்டு: 'நம்ம பிள்ளை இந்த மலையேறக் கூடாது, படித்து முன்னேற வேண்டும்.' அந்தப் பிள்ளை பள்ளியை முடித்து, தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிக்கிறது. அங்கே அதன் வழியை மறித்து நிற்பது பல நேரங்களில் கட்டணம் அன்று, கணக்குப் பாடமே.

இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. நம் தவறு ஒன்றின் வழியாகவே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, கணக்கில் இரு முறை தோல்வியுற்றிருந்தான். "சாமி, இவனுக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அந்தத் தாய். நாமும் சொன்னோம்: "தம்பி, எல்லாருக்கும் எல்லாம் வராது. உனக்கேற்ற தொழில் ஒன்றைப் பார்த்துக்கொள்." அறிவுரை கூறிவிட்ட மனநிறைவோடு நாம் அடுத்த அலுவலைக் கவனிக்கச் சென்றோம். பையன் தலைகுனிந்தபடி எழுந்து போனான். படிப்பும் அத்தோடு நின்றது.

ஈராண்டுகள் கழித்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றைப் புனிதப்படுத்தச் சென்றபோது அவனை அங்கே கண்டோம். எடைத்தராசின் அருகே நின்றிருந்தான். "இன்றைக்கு எவ்வளவு காய், தம்பி?" என்று கேட்டோம். "பச்சைக் காய் 430 கிலோ, சாமி. அஞ்சுக்கு ஒண்ணு காயும். 86 கிலோ நிக்கும். நேத்து மழை, அதனால ரெண்டு மூணு கிலோ குறையும்" என்றான். பிறகு அன்றைய விலையைச் சொல்லி, கழிவு போக முதலாளிக்கு வரும் தொகையையும் காகிதமோ பென்சிலோ இல்லாமல் கூறி முடித்தான். நாம் வியந்து, "தம்பி, இந்தக் கணக்கை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்?" என்றோம். அவன் சிரித்துவிட்டான். "இது கணக்கா சாமி? இது வியாபாரம்!"

அந்தச் சொல் நம் உறக்கத்தைக் கெடுத்தது. விகிதமும் விழுக்காடும் தவறாமல் போடத் தெரிந்த ஒருவனையா 'கணக்கு வராதவன்' என்று நாம் தீர்ப்பிட்டு அனுப்பினோம்?

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

இந்த வியப்பு நமக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் காய்கனி விற்ற ஐந்து சிறுவர்களை மூன்று ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்கி, தாங்கள் கண்டதை 1985-ஆம் ஆண்டு வெளியிட்டனர். விற்பனை செய்யும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 100-க்கு 98 அளவுக்கு அச்சிறுவர்கள் சரியாக விடை கூறினர். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது, சரியான விடைகள் 100-க்கு 37 அளவுக்குச் சரிந்தன.

நம் நாட்டிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து, 2025-ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டனர். கடையில் மனக்கணக்கில் வல்லவர்களாயிருந்த சிறுவர்கள் பள்ளிப் பாணிக் கணக்கில் திணறினர். சந்தை அனுபவமற்ற பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஆற்றின் இரு கரைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இடையில் பாலந்தான் இல்லை. பாலம் அமைப்பது எவர் கடமை? ஆசிரியர் கடமை, நிறுவனத்தின் கடமை. ஓரளவு நம் குடும்பங்களின் கடமையுங்கூட.

சமுதாயக் கல்லூரியின் பணி

இத்தகைய பிள்ளைகளுக்காகவே சமுதாயக் கல்லூரி என்னும் முயற்சி தோன்றியது. அமெரிக்காவின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கப்பெற்ற கல்லூரி இவ்வகையில் முன்னோடி. நம் பகுதியில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் இம்முயற்சியில் இறங்கின. இயேசு சபைக் குருக்கள் இதனைத் தமிழகமெங்கும் பரப்பப் பெரிதும் உழைத்தனர். பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும், தேர்வில் தவறியவர்களுக்கும் வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் அளித்து வேலைக்கு ஆயத்தம் செய்வதே இதன் நோக்கம். செவிலிய உதவியாளராகட்டும், மின்பணியாளராகட்டும், கணக்கெழுதுபவராகட்டும், எவருக்கும் கணக்கு இல்லாமல் தொழில் இல்லை. மருந்தின் அளவைத் தவறாகக் கணக்கிட்டால் போவது மதிப்பெண் அன்று, ஓர் உயிர்! ஆகவே 'கணக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவிடுவதும் தீர்வாகாது. கற்பிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

பயன் தந்த மூன்று வழிகள்

முதலாவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல். நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். பென்னிகுவிக் எழுப்பி, 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. அதன் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழ்களில் வாசிக்கிறோம். ஆசிரியர் அந்தச் செய்தியையே கரும்பலகையில் எழுதட்டும். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்துவிட்டால் எவ்வளவு நீர்? ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆகவே 8 கோடியே 64 இலட்சம் கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அது வெளியேற எத்தனை நாள்? பதினொன்றரை நாளுக்குச் சற்று மேல். வீதம், காலம், மொத்தம் ஆகிய மூன்றும் மாணவன் கைக்கு வந்துவிட்டன. இனி 'வ' என்றும் 'கா' என்றும் எழுத்துகளை இட்டு இயற்கணிதமாக்கினால் அவன் மிரள மாட்டான். ஆனால் தண்ணீர்க் கதையோடு நின்றுவிடலாகாது. எழுத்து வடிவத்திற்கு அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அந்தக் கடைசி அடியை விட்டுவிடுவதால்தான் சந்தைக் கணக்கு சந்தையிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது, பின்தங்கியவனைத் தனியே நிறுத்தி வைக்காமல், பாடத்தோடு கூடவே கைதூக்கிவிடுதல். 'அடிப்படையை முதலில் முடித்துவிட்டு வா' என்று ஓராண்டு காக்க வைத்தால் பலர் திரும்பி வருவதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2013-இல் ஒரு சோதனை நடந்தது. அடிப்படை இயற்கணிதம் கற்க வேண்டியவர்கள் என்று கணிக்கப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினர். இயற்கணிதம் மட்டும் கற்றவர்களில் 100-க்கு ஏறத்தாழ 39 பேரும், அதனோடு வாராந்தரப் பயிற்சி வகுப்பும் பெற்றவர்களில் 45 பேரும் தேறினர். நேரடியாகக் கல்லூரித் தரப் புள்ளியியல் பாடத்திலேயே சேர்க்கப்பட்டு, பயிற்சி வகுப்பும் பெற்றவர்களிலோ 56 பேர் தேறினர்! உயர்ந்த பாடத்தை நம்பிக் கொடுத்து, பக்கத்தில் துணையும் நின்றால் பிள்ளைகள் எழுகிறார்கள்.

மூன்றாவது, கூடிக் கற்றல். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு ஆர்வமில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்று பலரும் காரணம் கற்பித்தனர். உண்மை வேறு. அவர்கள் தனித்தனியே அறையடைத்து மணிக்கணக்கில் உழைத்தார்கள். எங்கே தவறுகிறோம் என்று சொல்ல எவருமில்லை. சீன மாணவர்களோ தனியே படித்தபின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தனர். டிரைஸ்மன் மாணவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, எளிய கணக்குகளையன்று, கடினமான கணக்குகளையே கொடுத்துப் பேசிப் போடச் செய்தார். தோல்விகள் வெகுவாகக் குறைந்தன.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இம்மூன்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. வீட்டிலும் செய்யத்தக்கது உண்டு. 'எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது' என்று பிள்ளையிடம் கூறாதீர்கள். அது ஆறுதல் போலத் தோன்றும் சாபம். விடை தவறினால் 'மண்டு' என்னாமல், 'எப்படிப் போட்டாய், சொல்' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிடினும், விளக்கும்போதே பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும். தோட்டத்துச் சம்பளம், சங்கக் கடன் வட்டி, திராட்சைப் பெட்டியின் விலை ஆகிய கணக்குகளைப் பிள்ளையிடமே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்வது போதாது. தாளில் எழுத வேண்டும்.

இறுதியாக, நம் கதையின் மிச்சத்தையும் கூறிவிடுகிறோம். அதே தாயின் இளைய மகள் இவ்வாண்டு கணக்கியல் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். "அண்ணனுக்கு வராத கணக்கு எனக்கு மட்டும் வருமா, சாமி?" என்று கேட்டாள். இம்முறை நாம் அறிவுரை கூறவில்லை. பங்கு மன்றத்தின் கதவைத் திறந்து, பாய் விரித்துக் கொடுத்தோம். சனிக்கிழமை மாலைகளில் ஆறேழு பிள்ளைகள் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உடனிருக்கிறார். ஒரு நாள் தங்கையை அழைத்துப்போக வந்த அண்ணனை, "உன் ஏலக்காய்க் கணக்கை இவர்களுக்குச் சொல், தம்பி" என்று அமர்த்தினோம். அவன் ஐந்துக்கு ஒன்று என்று சொல்லச் சொல்ல, ஆசிரியர் அதைப் பலகையில் விகிதமாகவும் சமன்பாடாகவும் எழுதினார். அவன் எழுந்து அருகே சென்று, நெடுநேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் பெயிலானது இதுலதானா, சாமி?" என்று கேட்டான்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. விட்ட தேர்வை மீண்டும் எழுத இயலுமா என்று இப்போது கேட்கிறான். விதிகள் இடந்தருமா என விசாரித்து வருகிறோம். நம் வீட்டிலும், பங்கிலும், வகுப்பிலும் 'வராது' என்று நாம் எழுதி மூடிய ஏடுகள் எத்தனையோ! அவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டு திறந்து பார்ப்போம்.