வெயில் எறிக்கும் நாளிலே குளிர் மிகுவதேன்?

தை மாதக் காலைப்பொழுது. யன்னல் திரையை விலக்கினால் வானம் முகிலற்று நீலமாய் விரிந்திருக்கிறது. வெண்பனியின்மீது கண்கூச வெயில் எறிக்கிறது. வெயிலென்றால் வெப்பம் என்றே பழகிய நாம், "நல்ல வெயில்தானே, தொப்பி எதற்கு?" என்று பிள்ளையைப் பஸ் தரிப்பிடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். வின்னிபெக்குக்கு வந்த புதிதில் நம்மிற் பலர் விடும் பிழை இது. மானிடோபாவின் மாரியிலே வானம் தெளிந்த நாளே பெரும்பாலும் கடுங்குளிர் நாளாகும். முகில் மூடி வெண்பனி பொழியும் நாள் அதனினும் இதமானது.

இதன் காரணத்தை அறிய, நாம் வாழும் நிலத்தின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

வின்னிபெக் ஏறத்தாழ 50 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இலண்டன் மாநகரோ 51 பாகையையும் கடந்து, நமக்கும் வடக்கே இருக்கிறது. ஆயினும் தை மாதத்தில் இலண்டனின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேலே 5 பாகை செல்சியஸ் அளவில் நிற்க, வின்னிபெக்கிலே அது உறைநிலைக்குக் கீழே 16 பாகை வரை இறங்கிவிடுகிறது. ஆகவே வடக்கே இருப்பது மட்டும் இக்குளிருக்குக் காரணமன்று. கடல் கோடையிற் பெற்ற வெப்பத்தை மெல்லமெல்லவே இழக்கும். நிலமோ விரைவில் இழந்துவிடும். இலண்டனுக்குக் கடல் அண்மையில் உள்ளது. நாமோ கண்டத்தின் நடுவில் இருக்கிறோம். மேற்கேயுள்ள பசிபிக் சமுத்திரத்தின் இளஞ்சூட்டை றொக்கி மலைத்தொடர் பெரிதும் மறித்துவிடுகிறது. வடகிழக்கே ஹட்சன் குடா உண்டு. ஆனால் மாரியில் அது உறைந்து, நிலத்தைப் போலவே ஆகிவிடுகிறது.

இந்தியாவுக்கு வடக்கே இமயம் நின்று, நடு ஆசியாவின் குளிர்காற்றைத் தடுக்கிறது. ஆட்டிக் பிரதேசத்துக்கும் நமக்கும் இடையே அவ்வாறு தடுத்து நிற்க ஒரு மலைத்தொடரும் இல்லை. நமது நகரைச் சூழ்ந்த நிலமோ மேசைபோல் மட்டமானது. பனிக்கட்டிக் காலத்தின் இறுதியில், உருகிய நீர் தேங்கி இங்கே அகாசி என்னும் மாபெரும் ஏரி உருவாயிற்று. அது இன்றைய ஐம்பெரும் ஏரிகளும் சேர்ந்த பரப்பினும் பெரியதாக விளங்கியது என்பர். நாம் வீடு கட்டி வாழ்வது அவ்வேரியின் அடித்தளத்திலேதான்! அதிற் படிந்த களிமண்ணே நிலத்தை மட்டமாக்கியது. கோதுமை விளையும் கருமண்ணும் அதன்மேல் உண்டாயிற்று. வின்னிபெக் ஏரியும் மானிடோபா ஏரியும் அப்பேரேரியின் எச்சங்களே.

இனி வெயிலின் கதைக்கு வருவோம். வடக்கிலிருந்து இறங்கும் வளித்திணிவு கடுங்குளிரானது, வறண்டது, பாரமானது. அது சமவெளியிற் படிந்து உயரமுக்கத்தை உண்டாக்கும்போது முகில்கள் கலைந்து வானம் தெளிகிறது. முகில் நிலத்துக்குப் போர்வை போன்றது. போர்வை நீங்கிய நீண்ட இரவிலே, நிலம் தன் வெப்பத்தை வானுக்குக் கொடுத்துவிடுகிறது. பகலில் வரும் சூரியனோ மார்கழிக் கடைசியில் உச்சிப்பொழுதிலும் அடிவானிலிருந்து 17 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அச்சாய்ந்த ஒளியிற் பெரும் பங்கையும் புது வெண்பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் கண்ணைக் கூசச் செய்வது அவ்வாறு வீணாகும் ஒளியே. (நம் முன்னோர் சொன்ன முன்பனி, பின்பனிக் காலங்களின் பனி வேறு, புல்நுனியில் நிற்கும் அந்தப் பனித்துளியை இங்கு மாரியில் தேடிப் பயனில்லை.)

இன்னொன்றையும் பெற்றோர் கவனித்தல் வேண்டும். இரவு முழுவதும் வெப்பத்தை இழந்த நிலம், சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டியே பெரும்பாலும் மிகக் குளிர்ந்திருக்கும். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பது காலை எட்டு மணிக்குப் பின்னராகும். நம் பிள்ளைகள் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதும் அந்நேரத்திலேதான்.

அத்துடன் காற்றும் சேர்ந்தால் நிலைமை வேறு. நம் உடலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்றுப் படை ஒன்று உண்டு. வீசும் காற்று அதனை அகற்றிவிடுகிறது. வெப்பமானி உறைநிலைக்குக் கீழ் 30 பாகை காட்டும்போது, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், முகத்துக்கு அது உறைநிலைக்குக் கீழ் 46 பாகை போலவே தோன்றும். அந்நிலையில் மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் உறையக்கூடும். ஆகவே காலையில் யன்னலைப் பார்ப்பதைவிட, வானொலி கூறும் காற்றுக் குளிர்வு எண்ணைக் கேட்பதே நன்று.

மாணவர்களே, உறையும் தோல் முதலிற் குத்தும், பின்னர் மரத்துப்போகும். நோவு நின்றதென்று மகிழ வேண்டாம், ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. தோழனின் காதிலோ மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெளிறிய திட்டைக் கண்டால் உடனே சொல்லுங்கள். தன் முகம் தனக்குத் தெரியாது. உறைந்த இடத்தைத் தேய்த்தல் ஆகாது. வெண்பனியால் உரஞ்சும் பழைய வழக்கம் தோலை மேலும் புண்ணாக்கும். உள்ளே சென்று, வெறுங்கையால் மெல்லப் பொத்தி வைத்து, அல்லது இளஞ்சூட்டு நீரினாற் சூடேற்றுங்கள். திட்டு மாறாவிட்டாலோ கொப்புளம் எழுந்தாலோ வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். கையுறையில் ஐந்து விரலும் பிரிந்திருப்பதைவிட, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வகையே கூடிய சூடு தரும். அழகு குறைவென்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள்; பங்குனி வரைக்கும் முணுமுணுக்கட்டும்.